கயிறு கட்டக் கூடாத மூடி

1

இந்த வாரத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து மூன்று ஆண்டுகள் முடிகின்றன. ஆண்டு நிறைவு நாளான திங்கட்கிழமை காலையில் என் மகன் ஜெயன் வண்டிக் கொட்டகையைத் திறந்தான். தரையில் கிடந்த கிழிந்த வண்டிக் கவரைக் காலால் தள்ளி ஓரமாக்கினான். என் முகத்தைப் பார்க்காமல் பட்டறைக்குப் போய்விட்டான். வாழ்த்து அவ்வளவுதான். கவரைக் கிழித்தது நான். அதனால் கூடுதலாக எதிர்பார்க்கவும் இல்லை.

நம்முடைய ஓய்வூதியர் மலரின் ஆசிரியர் இரண்டு முறை கடிதம் எழுதிவிட்டார். வெளிநாட்டு அனுபவங்களைச் சுவையாக எழுத வேண்டுமாம். அவர் எதிர்பார்ப்பது பெரிய நீர்வீழ்ச்சியும் நூறு மாடிக் கட்டடமும் என்று தெரிகிறது. நீர்வீழ்ச்சிக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். மழைக்காலத்தில் நெய்யாறு கரைபுரண்டு ஓடுவதைப் பாலத்தில் நின்று பார்த்தவனுக்கு அங்கே புதிதாகத் தெரிந்தது, எல்லோருக்கும் ஒரே நீல நிறத்தில் கொடுத்த மழைச்சட்டை மட்டும்தான். ஆகவே எனக்கு விவரமாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அது அந்தக் கவர்.

இங்கே மிச்சிகன் மாநிலத்தில் பாதிப் பேர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் கார், பின்பக்கம் கூரையில்லாத சின்ன லாரி. பலர் அந்தப் பின்பெட்டியில் எதையும் ஏற்றிப் போவதாகத் தெரியவில்லை. ஆனாலும் அதை மூடி வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்காகக் கறுப்பு நிறத்தில் தடித்த பிளாஸ்டிக் சீலை ஒன்று விற்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சட்டத்தில் அதன் ஒரு முனையைப் பொருத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் அலுமினியத் தண்டவாளம். செருப்பிலும் பையிலும் இருக்குமே, பிரிக்கும்போது கிழிகிற சத்தம் கேட்கும் ஒட்டுப்பட்டை, அதைச் சீலையின் ஓரங்களில் நீளவாக்கில் வைத்துத் தைத்திருப்பார்கள். பாயைச் சுருட்டுவதுபோல முன்பக்கமாகச் சுருட்டி வார் போட்டால் பெட்டி திறந்துவிடும். விரித்து, பின்முனையைக் கொக்கியில் மாட்டி, ஓரங்களை அழுத்தினால் மூடிவிடும். கயிறில்லை, முடிச்சில்லை, பூட்டில்லை. இதை மூடி என்று ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

2

என் மகன் கட்டட இன்ஜினீயர் என்று உங்களில் பலருக்கு எழுதியிருக்கிறேன். படித்தது அதுதான். பத்து வருடம் வேலை பார்த்ததும் அதுதான். சென்ற ஆண்டு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அப்பா, நான் ஜோலியெ விட்டேன்."

"எதுக்காக்கும்?"

"காலத்தே போனா வைகிட்டு வரெ மீட்டிங். வீட்டுக்கு வந்து யோசிச்சா ஒண்ணும் செய்யேல்ல."

"இனி என்ன செய்யப் போற?"

"கதவு. அடுக்களை அலமாரிக்கு உள்ள மரக்கதவு. ஒரு பட்டறை பாத்து வச்சிருக்கியேன்."

"நாலு வருசம் இன்ஜினீயரிங் படிச்சது அலமாரிக் கதவு செய்யவா?"

"கதவு நேரா நிக்கணும்னா அதுவும் கணக்காக்கும் அப்பா."

என் மனைவி ஞானம்மா மீன்குழம்புச் சட்டியை நடுவில் நகர்த்தி வைத்து, "கொள்ளாம். நல்ல ஒரு கதவு எனக்கும் செஞ்சு தா மக்கா" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது. அவள் எந்தப் பேச்சையும் மேல்முறையீட்டுக்கு விடுவதில்லை.

அதன்பிறகு ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'சொந்தத் தொழில்' என்று குறிப்பிட்டேன். வாசித்தவர்கள் பெரிய ஒப்பந்தக்காரன் என்று எடுத்துக்கொண்டார்கள். அதியன்னூரிலிருந்து ஒருவர் தன் மருமகனுக்கு வேலை கேட்டு விண்ணப்பமே அனுப்பிவிட்டார். நான் யாரையும் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். ஜெயன் மரக்கதவு செய்கிறான். பிக்கப் வண்டி வாங்கியதும் அதற்காகத்தான். வழவழப்பாக இழைத்து வார்னிஷ் பூசிய கதவுகளைப் பட்டறையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டு போக வேண்டும். இங்கே வருடத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் பனி. மரத்தில் ஈரம் பட்டால் ஓரம் வீங்கும், கதவு கோணும், அந்த வீட்டுக்காரர் அடுத்தவரிடம் சொல்வார். விளம்பரம் எதுவும் இல்லாத தொழில். ஒருவர் சொல்லித்தான் அடுத்தவர் வருகிறார். அந்தக் கவருக்குக் கீழே இருப்பது என் மகனின் பிழைப்பு.

அந்தக் கவர் என் பொறுப்பில் வந்ததற்குக் காரணம் எனக்கு வேறு பொறுப்பு எதுவும் இல்லாததுதான். வண்டி ஓட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். முதல் முறை, திருப்பத்தில் ஒலிப்பான் அடித்தேன். இரண்டாம் முறை, அடிக்காமல் இருக்கக் கவனித்ததில் சிவப்பு விளக்கைக் கவனிக்கவில்லை. அலுவலகங்களுக்குப் போவது எனக்குப் பிடித்த வேலை. இங்கே அதிலும் கேடு. நம் வழக்கப்படி அப்பா பெயரை முதலெழுத்தாக வைத்து, சொந்தப் பெயரை மட்டும் எழுதி வாழ்ந்தவன் நான். இவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு மனிதன் இருக்கவே முடியாது. ஆகவே முதலெழுத்தை விரித்து அங்கே போட்டுவிட்டார்கள். செங்கல் ஊர்க் கல்லறையில் அடக்கமாகி இருபது வருடமான என் அப்பா எசேக்கியேலைத்தான் எல்லாக் கவுண்டரிலும் உரக்கக் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன். திருத்த விண்ணப்பம் கொடுத்தேன். அதில் கையெழுத்துப் போட வேண்டிய பெயர் எது என்று அவர்களுக்கே தெரியாததால் திரும்பி வந்துவிட்டது.

"முப்பது வருசம் லாரிக்காரம்மாருக்க டார்ப்பாவெ அவுத்தியள் இல்லியா" என்று என் சோதனைச் சாவடி உத்தியோகத்தைக் குத்தினாள் ஞானம்மா. "இனி ஒண்ணெ ஒழுங்கா மூடி வச்சுப் படியுங்க."

3

கவரோடு ஒரு தாள் வந்திருந்தது. நான்காக மடித்த வழவழப்பான தாள். இந்த வீட்டில் அதைப் பிரித்து வாசித்தவன் நான் ஒருவன்தான். சொல்லியிருந்தவை தெளிவானவை. மெல்லிய சோப்பும் தண்ணீரும் மென்மையான பிரஷும் மட்டும் பயன்படுத்த வேண்டும். மண்ணெண்ணெய் வகையறா எதுவும் கூடாது. ஒட்டுப்பட்டையில் சருகும் மணலும் அடைந்தால் பிடிக்காது, அடிக்கடி பிரஷால் தட்ட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். நெடுநாள் சுருட்டியே வைத்தால் சுருங்கிவிடும், மறுபடி விரித்தால் எட்டாது. பனி பெய்தால் துடைப்பத்தால் தள்ள வேண்டும், மண்வெட்டி ஆகாது. கடுங்குளிரில் சுருட்டினால் வெடிக்கும். கடைசியாக, எழுத்தைச் சிறிதாக்கி, நீரை எதிர்க்கும் என்று சொல்கிறோமே தவிர நீர் புகாது என்று சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் அரசுப் பணியில் இருந்திருக்க வேண்டும்.

ஜெயன் இதில் எல்லாவற்றையும் மீறினான். மழையில் வந்து ஈரத்தோடு சுருட்டினான். மரத்தூள் படிந்த கையால் ஒட்டுப்பட்டையை அழுத்தினான். காப்பிக் கோப்பையை அதன்மேல் வைத்துவிட்டுப் பேசினான். நான் தாளைக் காட்டினேன்.

"அப்பா, அது ஒரு கவர். அதுக்கெல்லாம் சட்டமா?"

"சட்டம் இல்லாத சாமான் உண்டா?"

"செரி, அப்பாவே பாத்துக்கிடுங்க. நான் தொடேல்ல."

அதை நான் நியமன உத்தரவாக எடுத்துக்கொண்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். செவ்வாயும் சனியும் கழுவுதல். கழுவிய பின் பழைய வேட்டித்துண்டால் ஈரம் எடுத்தல். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஒட்டுப்பட்டை தட்டுதல். பேத்தி ஷைனிக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளியில் தாத்தாவைப் பற்றி எழுதச் சொன்னபோது, என் தாத்தாவின் விளையாட்டு தாள் வாசிப்பது என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியை பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார். நான் சிரிக்கவில்லை. அவள் அம்மா மருத்துவமனையில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவள். கவர் பற்றி அவள் கருத்து எதுவும் சொன்னதில்லை. அதற்காக அவளை மதிக்கிறேன்.

சென்ற கோடையில் கவர் வெளிறத் தொடங்கியபோது ஞானம்மா தேங்காயெண்ணெய்க் குப்பியோடு வந்தாள்.

"கொஞ்சம் எண்ணெ தேச்சா பளபளான்னு வரும்."

"எண்ணெ கூடாது. தாளில் உண்டு."

"மண்ணெண்ணெ கூடாதுன்னுதானெ உண்டு? இது தேங்காண்ணெயாக்கும்."

"எண்ணெயில் எல்லா எண்ணெயும் அடங்கும்."

"ஒங்க தலையில மட்டும் அடங்கேல்ல" என்று என் வழுக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். அதைக் குறித்து வைக்கிறேன், பின்னால் வருவதில் எனக்குச் சாதகமாகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

4

நான் வேலை பார்த்தது எல்லையில் வரிச் சோதனைச் சாவடிகளில் என்று இந்த மலரின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து எங்கள் மாநிலத்துக்குள் வரும் லாரிகளை நிறுத்தி, சீட்டில் எழுதியிருப்பதும் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது வேலை. தார்ப்பாயை அவிழ்த்தால்தான் பார்க்க முடியும்.

ஒரு ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். மழை இறங்கிக்கொண்டிருந்தது. தனுவச்சபுரத்துக்காரன் தாசையன் ஓட்டி வந்த லாரியில் சிவகாசியிலிருந்து வந்த நோட்டுப் புத்தகக் கட்டுகள் இருந்தன. வாரத்துக்கு ஒருமுறை அந்த வழியில் போகிறவன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் நான் ஒருமையில்தான் பேசுவேன், அவனும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"சாரே, உள்ளெ முழுக்க நோட்டாக்கும். பிள்ளியளுக்கு உள்ளது. மழெ ஒண்ணு குறையட்டு."

"பாக்காம விட முடியாது."

"பாக்கண்டாம்னு நான் சொல்லேல்ல. அரை மணிக்கூரு."

"உனக்கு அரை மணிக்கூரு தந்தா பின்னால நிக்கிய எல்லா வண்டிக்கும் தரணும்."

அவன் பின்னால் நின்ற வண்டி வரிசையைப் பார்த்தான். "செரி. சாரு ஏறுங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஒரு மூலையை மட்டும் தூக்கி, குனிந்து, தன் முதுகைக் கூரையாக்கி நின்றான். நான் உள்ளே புகுந்து டார்ச் வெளிச்சத்தில் கட்டுகளை எண்ணினேன். அவன் கழுத்து வழியாக இறங்கிய தண்ணீர் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. பாதியில் கேட்டான்.

"சாரே, எண்ணினது தெற்றிப்போனா ஆதிமுதல் எண்ணுவியளா?"

"ஆமா."

"அப்ப தெற்றாம எண்ணுங்க. நான் இனி பேசேல்ல."

சீட்டில் இருந்த எண்ணிக்கையும் கட்டுகளும் சரியாகவே இருந்தன. மேல்வரிசையில் சில கட்டுகள் நனைந்தன. விதிப்படி அது என் பொறுப்பில் வராது. அவன் மழையிலேயே தார்ப்பாயை இழுத்துப் போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக எறிந்து, ஒரு காலைப் பலகையில் ஊன்றி இழுத்துக் கட்டினான். முடிச்சைத் தட்டிப் பார்த்து, "இது அவுந்தா எனக்க பேரெ மாத்தணும்" என்றான்.

இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள் கட்டப்படுவதை வெறுமனே நின்று பார்த்திருக்கிறேன். நானாக ஒன்றும் கட்டியதில்லை. ஆனால் கயிறு குறுக்கே கிடந்தால்தான் சரக்கு மூடியிருக்கிறது என்ற எண்ணம் எலும்பில் ஊறிவிட்டது. துணித் தார்ப்பாயில் அது உண்மையும்கூட. நனைந்தால் துணி இறுகும், கயிறு அதைப் பிடித்து நிறுத்தும். பிளாஸ்டிக் சீலையின் குணம் வேறு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

5

டோரத்தி என்று ஒரு மூதாட்டி. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்கள் என்று பழைய சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஜெயனிடம் பதினான்கு கதவுகளுக்குச் சொல்லியிருந்தார். ஊரில் அரைவாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் ஜெயனுக்கு அடுத்த ஆண்டு முழுக்க வேலை இருக்கும். பிடிக்காவிட்டால் பழைய ஆபீஸில் போய் நிற்க வேண்டும். இதை அவன் சொல்லவில்லை. மருமகள், ஞானம்மாவிடம் சொல்லி, ஞானம்மா என்னிடம் சொன்னாள்.

நவம்பர் கடைசியில் ஒரு பிற்பகல், கதவுகளைக் கம்பளியில் சுற்றி வண்டியில் ஏற்றி, கவரை மூடி, மறுநாள் காலையில் போவதாக வீட்டுக்கு முன்னால் நிறுத்தினான். காற்று வீசியது. கவர் நடுவில் லேசாக எழும்பி எழும்பி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. கொட்டகையில் நைலான் கயிறு கிடந்தது. தாளை எடுத்து இன்னொரு முறை வாசித்தேன். கயிறு கட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இல்லாத விதியை யாரும் மீற முடியாது என்பது என் முப்பது வருட நம்பிக்கை. குறுக்கே மூன்று, நெடுக்கே இரண்டு போட்டு, ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி இழுத்துக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன். அதுதான் கேடாகப் போயிற்று.

இரவில் கடுங்குளிர் இறங்கியது. குளிரில் அந்தச் சீலை சுருங்கி விறைக்கும். கயிறு விட்டுக்கொடுக்காது. காலையில் நேரமாகிவிட்டது என்று ஜெயன் பார்க்காமலே கிளம்பினான். நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். நெடுஞ்சாலையில் பனியும் மழையும் கலந்து அடித்தது. காற்றில் சீலை துடிக்க, கயிறு அதை, கீழே தாங்கி நிற்கும் குறுக்குக் கம்பியோடு வைத்து அறுத்திருக்கிறது. டோரத்தி வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தபோது ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. கம்பளி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பதினான்கில் ஆறு கதவுகளின் ஓரங்கள் விரல் வைத்தால் தெரியும் அளவுக்கு வீங்கிவிட்டன.

ஜெயன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"இது ஆரு கெட்டினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"காத்துக்குப் பறந்துது."

"அப்பா, இது லாரி இல்ல." குரலை உயர்த்தவில்லை. "நான் என்ன, சரக்கெ கடத்திக்கிட்டா போறேன்?"

 முடிச்சை அவிழ்க்க முயன்றான், முடியவில்லை. கத்தியால் அறுத்தான். பிறகு வந்து பேசுவதாக டோரத்தியிடம் சொல்லிவிட்டு, பதினான்கையும் திருப்பிக் கொண்டுவந்தான்.

ஞானம்மா அன்று மாலை என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எண்ணெ தேய்க்க வந்தப்போ என்னெ என்னல்லாம் சொன்னியள்?" அப்புறம் ஒரு வாரம் என் காப்பியில் சீனி இல்லை. கேட்டால் மருத்துவர் சொன்னதாகச் சொல்வாள்.

6

ஏதாவது தவறு நடந்தால் முதலில் செய்ய வேண்டியது மகஜர், அதாவது சம்பவ அறிக்கை, எழுதுவது. நடந்த இடம், நேரம், சேதத்தின் அளவு, சாட்சி, பொறுப்பானவர் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்கினால்தான் ஒரு தவறு முறைப்படி நடந்ததாகும். மறுநாள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கிழிசலின் நீளத்தை அளந்து போட்டேன். கதவுகளை எண் இட்டுக் குறித்தேன். பொறுப்பானவர் என்ற இடத்தில் இத்தனை வருடத்தில் ஓட்டுநர், கிளீனர், சரக்கு அனுப்பியவர் என்று யார் யார் பெயரையோ எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அப்பா பெயரையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.

ஜெயன் டோரத்தியைப் பார்க்கப் போனபோது நானும் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன், ஞானம்மா கதவருகில் நிற்பதைப் பார்த்து விட்டுவிட்டான். டோரத்தி என் மகஜரைக் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். இரண்டாம் பத்தியில் ஒரு காற்புள்ளியைப் பென்சிலால் சேர்த்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார். "ஆனால் இதை வைத்து நான் என் தட்டுகளை எதற்குள் அடுக்குவது?"

ஜெயன், ஆறு கதவுகளையும் புதிதாகச் செய்து தருவதாகச் சொன்னான். அவர் நாட்காட்டியைப் பார்த்தார். வரும் வெள்ளி தவிர்த்து அதற்கடுத்த வெள்ளிதான் கெடு. அதற்கு ஒருநாள் தாண்டினாலும் கடையில் கிடைப்பதை வாங்கி மாட்டிக்கொள்வேன், நீ வர வேண்டாம் என்றார். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் தேதி சொல்கிற குரல்.

அந்த நாட்களில் ஜெயன் பட்டறையிலேயே கிடந்தான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுப் படுத்தான். நான் கடைக்குப் போய் புதிய கவருக்குச் சொன்னேன். பழக்கத்தில் டிக்கி மூடுகிற துணி என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் படம் வரைந்து காட்டினேன். அது வந்து சேர்ந்தபோது கூடவே அதே தாள் இருந்தது. கயிறு பற்றி இதிலும் ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. திங்கட்கிழமை ஆண்டு நிறைவு வந்ததும் போனதும் இதற்கு நடுவில்தான்.

நேற்று வெள்ளிக்கிழமை. விடிந்தபோது எல்லாம் உறைந்து கிடந்தது. கதவுகளைப் பட்டறையிலிருந்து முந்தின நாளே கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்திருந்தான். ஏற்றி முடித்துப் புதிய கவரை விரித்தால் நாலு விரல் எட்டவில்லை. பின்கதவின் கொக்கிக்கு வந்து சேராமல் விறைத்து நின்றது. ஜெயன் இரண்டு கையாலும் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

"இழுக்காத."

"மணி ஒம்பதாவுது அப்பா."

"இழுத்தா தையல் விடும். வண்டியெ உள்ளெ கேற்று. கொட்டகையெ அடச்சு ஹீட்டரெ போடு."

 அவன் மீண்டும் ஒரு இழுப்பு இழுத்தான், அசையவில்லை. வண்டியை உள்ளே விட்டான். ஹீட்டரைப் பற்றவைத்தான். பக்கத்தில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம். நான் ஒட்டுப்பட்டையை பிரஷால் தட்டினேன். ஞானம்மா வந்து எட்டிப் பார்த்து, "ஆருக்காக்கும் தீ காய்ச்சல்? வண்டிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்புறம் சீலை தொய்ந்து இறங்கியது. ஒரு கையால் இழுத்துக் கொக்கியில் மாட்டினான்.

வழியெல்லாம் பனி பெய்தது.  ஜெயன் இரண்டு முறை வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்க் கவரைப் பார்த்து வந்தான். 

டோரத்தி பதினான்கு கதவுகளையும் வரவேற்பறையில் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகக் கம்பளியைப் பிரித்தார். உள்ளங்கையால் கீழ் ஓரத்தைத் தடவினார். மேல் ஓரத்தைத் தடவினார். அடுத்ததற்குப் போனார். அவருக்கு அவசரமே இல்லை. ஜெயன் கைகளைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நின்றான். ஒன்பதாவது கதவில் கை நின்றது. திரும்பித் தடவினார். கண்ணாடியை எடுத்து வர உள்ளே போனார். கண்ணாடி எங்கே என்று அவருக்கே தெரியவில்லை போலும், உள்ளே இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஜெயன் என் பக்கம் திரும்பினான். இரண்டு வாரத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். நான் எவ்வளவோ லாரிகளில் நனைந்த சரக்கைத் தொட்டுப் பார்த்தவன். எழுந்து போய் அந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால் சொல்லிவிடலாம். உட்கார்ந்த இடத்திலேயே திருகாணிப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணத் தொடங்கினேன்.

அவர் வந்து, குனிந்து பார்த்தார். "மரத்தின் கோடுதான்" என்றார். அழகாக இருக்கிறது என்றும் சொன்னார். பதினான்காவதையும் பார்த்து முடித்துவிட்டு, இன்றைக்கே மாட்டிவிடுவாயா என்று கேட்டார். மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. நான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில் ஏறியதும் ஜெயன் பேசினான்.

"வியாழக்கிழமெ மரம் எடுக்கப் போணும். டோரத்திக்க தங்கச்சி வீட்டுக் கதவுக்கு. இதவிடக் குளிராட்டு இருக்கும்னு சொல்லுதாங்க. கவருக்கு என்ன செய்யணும் அப்பா?"

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கேட்கவில்லை என்று சொன்னேன். அவன் ஹீட்டரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, இன்னொரு முறை கேட்டான்.